தாங்குதகடா, பிடிதகடா?

வணக்கம்.

பணிமேசையின் அடியில் வைத்து போல்ட்டு முடுக்கும் இரும்புத் தகட்டுக்குத் தமிழ்ச் சொல்லாக நேற்றைய மடலில் முன்வைத்த 'தாங்குதகடு' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தகடு எதையும் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது பலகையும் மேசைக்காலும்.

தோட்டா மறுநிரப்பு அழுத்தியையே எடுத்துக்கொள்வோம், அதாவது சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்புவதற்காக மேசையில் போல்ட்டு போட்டுப் பொருத்தும் நெம்புகோல் கருவி. (மறுநிரப்பு என்றே இருக்கட்டும், மருந்து 'கெட்டித்தல்' என்ற பழைய சொல் துப்பாக்கியின் குழல்வாயில் வெடிமருந்தைக் கோலால் இடிப்பதற்கு உரியது.) சுட்ட பித்தளைக் கூடு சற்று உப்பியிருக்கும். அதை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவர நெம்புகோலைக் கீழே அழுத்தும்போது அழுத்தி முன்பக்கம் சாயப் பார்க்கும், அடித்தட்டின் முன்விளிம்பு மேசையில் ஊன்றிக்கொள்ள, பின்பக்கத்து போல்ட்டுகள் மேல்நோக்கி இழுபடும். கூட்டை வெளியே எடுக்க நெம்புகோலைத் தூக்கினால் இழுவை முன் போல்ட்டுகளுக்கு மாறிவிடும். இப்படி மாறி மாறி இழுபடும் நட்டு மரத்துக்குள் புதையாமல், அந்த இழுவையைப் பலகையில் பரப்பிக் கொடுப்பதுதான் தகட்டின் வேலை.

நான் முதலில் சிறிய வாஷர் மட்டும் போட்டு முடுக்கினேன். சில வாரங்களில் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு வாஷரும் பிளைவுட்டில் காசு பதிந்ததுபோல வட்டமாக இறங்கியிருந்தது, நட்டும் தளர்ந்திருந்தது. அப்புறம் இரண்டு 18 மி.மீ. பிளைவுட்டைச் சேர்த்து ஒட்டி, அடியில் 6 மி.மீ. தகடு கொடுத்த பிறகுதான் நெம்புகோலை அழுத்தும்போது கூடு அச்சில் ஏறுவது கைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதனால் என் பரிந்துரை 'பிடிதகடு'. மேலே அழுத்தியின் அடித்தட்டு, கீழே இது, நடுவில் பலகை இறுகப் பிடிபடுகிறது. இதுவும் வினைத்தொகைதான், எனவே ஒற்று மிகாது. 'பிடித்தகடு' என்று எழுதிவிட்டால் படிப்பவர் 'பிடித்த' என்று பிரித்துத் தடுமாறுவார். 'எதிர்த்தகடு' பற்றியும் யோசித்தேன், மின்கலத்தின் எதிர்மின் தகடு குறுக்கே வந்து நிற்கிறது.

மேசை முழுவதையும் உறுதியாக்குவதற்கு 'வலுவூட்டல்' சரி. ஆனால் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே சாய்வாக அடிக்கும் கட்டைக்கு 'மூலைவிட்ட வலுவூட்டி' எதற்கு? தச்சர் வாயில் 'முட்டு' என்ற சொல் இருக்கிறதே. மேசை பக்கவாட்டில் ஆடுவதை நிறுத்துவது அந்த முட்டும், மேசையைச் சுவரோடு சேர்த்து முடுக்கும் போல்ட்டும்தான், தகடு அல்ல. தகடு, முட்டு இரண்டையும் 'வலுவூட்டி' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் தகட்டைப் போட்டுவிட்டு மேசை ஏன் இன்னும் ஆடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சொற்பட்டியலில் 'பிடிதகடு' என்று ஏற்றும்போது 'பலகையின் அடியில் வைத்து போல்ட்டின் இழுவையைப் பரப்பும் தகடு' என்று விளக்கம் கொடுக்கலாம்.