புதுப்பிப்பு: ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டும் அப்பாவுக்கு நிற்காத பேதி

மாதுங்காவிலிருந்து மறுபடி நான்தான். சிறுகுடல் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி) 28 நாளைக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைட் (அந்தச் சுரப்பை அடக்கும் மருந்து) ஊசி போட்டும் அப்பாவுக்குப் பேதி நிற்கவில்லை, எடை இறங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறதா பாருங்கள்" என்று ஒரு அக்கா எழுதியதுதான் சரி. மிதந்தது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை. ஊசி கணையச் சுரப்பையும் குறைத்துவிடுமாம், கொழுப்பு செரிக்காமல் அப்படியே வந்துவிடும். டாக்டர் மலப் பரிசோதனை செய்துவிட்டு கணைய நொதி கேப்ஸ்யூல் எழுதினார்.

முதல் வாரம் பலனே இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்துக்கொண்டிருந்தோம்! டாக்டரைக் கேட்டு முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றினோம். நாலாம் நாள் அடங்கியது. சாயங்கால வடாபாவுக்கும் ஒன்று வேண்டும் (அதை விடச் சொன்னால் அவர் கேட்கமாட்டார்). கேப்ஸ்யூலைப் பிரித்துச் சூடான சோற்றில் கலக்காதீர்கள், நொதி கெட்டுவிடும்.

எதிர்பாராதது: 24 மணி நேரச் சிறுநீரில் பார்க்கும் 5-எச்ஐஏஏ (இந்தக் கட்டி சுரக்கும் செரோடோனின் சிதைந்து வரும் பொருள்) சோதனைக்கு முன் சில நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி கூடாது. யாரும் சொல்லவில்லை. தினமும் தக்காளி ரசம். சோதனையை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

வைட்டமின் டி குறைவு, மருந்து ஓடுகிறது. ஆறு வாரத்தில் எடை 2 கிலோ ஏறியிருக்கிறது.