ஓக்லண்டுக்கு இனி ஒரு பெரிய அணி வருமா?

ஹேவர்டுவாசி:

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்லண்டில் மூன்று பெரிய அணிகள் இருந்தன. கூடைப்பந்து வாரியர்ஸ் 2019-ல் பாலத்தைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது. அமெரிக்கன் ஃபுட்பால் ரெய்டர்ஸ் 2020-ல் லாஸ் வேகஸ் போனது. மிச்சம் இருந்தது பேஸ்பால் ஏ'ஸ். அதுவும் 2024 செப்டம்பர் 26 அன்று கொலிசியம் என்ற தன் சொந்த மைதானத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்துவிட்டு மூட்டை கட்டிவிட்டது. வேகஸில் மைதானம் தயாராகும்வரை மேற்கு சாக்ரமென்டோவில் ஒரு மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம்.

என் மகன் அந்தக் கடைசி ஆட்டத்துக்கு என்னோடு வந்திருந்தான். பார்ட் ரயிலில் இறங்கி அந்த நீள நடைமேம்பாலத்தில் கூட்டத்தோடு நகர்ந்ததுதான் அவனுக்கு இன்னும் பேச்சு. "கிளீவ்லண்டுக்கு அணி திரும்பி வந்ததே, பால்டிமோருக்கு வந்ததே, நமக்கு மட்டும் ஏன் வராது?" என்று கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. நகரத்தின் நிலைமை தெரிந்ததுதான். பட்ஜெட்டில் பெரிய துண்டு. 2024 நவம்பரில் மேயரையே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்-என்-அவுட் பர்கர் கடைகூட திருட்டுத் தொல்லை தாங்காமல் அதே வருடம் மூடிவிட்டது. இப்படி இருக்கிற ஊருக்குப் பெரிய லீக் அணி எதுவும் திரும்பி வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்துப்பொறுக்கி:

வராது. கூட்டமே வராத ஊருக்கு எந்த முதலாளி வருவான்? ஏ'ஸ் ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தாலே அதிசயம்.

ஹேவர்டுவாசி:

அது நியாயமில்லை நண்பரே. மேட் ஓல்சன், மேட் சாப்மேன், ஷான் மர்ஃபி என்று நல்ல ஆட்டக்காரர்களை வரிசையாக விற்றுத் தள்ளிவிட்டு, டிக்கெட் விலையையும் ஏற்றினால் யார் வருவார்கள்? 2023-ல் 112 தோல்வி. அந்த வருடமே ஜூன் 13 அன்று ரசிகர்கள் "தலைகீழ்ப் புறக்கணிப்பு" என்று ஒன்று நடத்தினார்கள். வேண்டுமென்றே கூட்டமாக வந்து, "விற்றுவிட்டுப் போ" என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி, 27,759 பேர். ஆளில்லாமல் போன ஊர் இல்லை இது.

கணக்குப்பிள்ளை:

ஹேவர்டுவாசி சொல்வது சரி. கூட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. கூட்டத்தை வைத்து அணி வருவதும் இல்லை, போவதும் இல்லை.

நான் மத்திய மேற்கில் ஒரு நகராட்சியில் கடன்பத்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைதானத்துக்கு பாண்டு வெளியிடும் கோப்பு மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பக்கத்தை: வருமானம் குறைந்தால் மீதியை யார் கட்டுவது? அந்தப் பக்கத்தில் எந்த ஊரின் பெயர் இருக்கிறதோ அந்த ஊரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருக்கும்.

உங்கள் பையனிடம் ஒன்று சொல்லுங்கள். ஓக்லண்டுக்கு அணி ஏற்கெனவே ஒரு தடவை திரும்பி வந்திருக்கிறது. ரெய்டர்ஸ் 1982-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், 1995-ல் திரும்பி வந்தது. ஊரே கொண்டாடியது. எப்படி வந்தது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. நகரமும் அலமீடா கவுண்டியும் சேர்ந்து சுமார் 200 மில்லியன் டாலர் கடன் வாங்கி, கொலிசியத்தின் ஒரு பக்கம் முழுக்க புதிதாக இருக்கைகளை எழுப்பின. முதலாளி ஆல் டேவிஸ் பெயரை வைத்து ரசிகர்கள் அதை "மவுண்ட் டேவிஸ்" என்று கிண்டல் செய்வார்கள். பேஸ்பால் பார்க்கப் போனவர்களுக்கு அதுவரை பின்னால் பச்சை மலைகள் தெரியும். அந்தச் சுவர் எழுந்ததும் மலை போச்சு.

கடனை அடைக்கப் போட்ட திட்டம் என்ன தெரியுமா? சீசன் டிக்கெட் வாங்குவதற்கே ஒரு "இருக்கை உரிமை" முன்பணம் கட்ட வேண்டும், அதை விற்றுக் கடனைக் கட்டுவோம் என்றார்கள். நினைத்த அளவில் விற்கவில்லை. அப்புறம் என்ன, வித்தியாசத்தை வரிப்பணத்திலிருந்துதான் வருடா வருடம் கட்டினார்கள். பிற்காலத்தில் அந்த மேல் அடுக்கு இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். ரெய்டர்ஸ் 2020-ல் வேகஸ் போன பிறகும் அந்தக் கட்டடத்தின் தவணை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன மாப்பிள்ளையின் பைக்குக்கு மாமனார் தவணை கட்டுவதுபோல.

அதனால் "வருமா" என்பதைவிட "என்ன விலைக்கு வரும்" என்று கேட்பதே சரி என்பது என் எண்ணம். ஓக்லண்டிடம் அந்த விலை இல்லை. வேகஸில் ரெய்டர்ஸுக்கு 750 மில்லியன் கொடுத்தது ஹோட்டல் அறை வரி. அதாவது ஊருக்கு வந்து போகிற விருந்தாளிகள் கட்டியது. ஏ'ஸுக்கு நெவாடா மாநிலம் 380 மில்லியன் வரை ஒதுக்கியது. ஓக்லண்டில் அந்த அளவுக்கு விருந்தாளி வரியும் வராது, கலிஃபோர்னியா மாநிலம் மைதானத்துக்குக் காசோலை கிழித்துக் கொடுக்கிற பழக்கமும் இல்லை.

பால்டிமோர் செல்வி:

கணக்குப்பிள்ளை சார், உங்கள் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் பால்டிமோரில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருக்கிறவள் என்ற முறையில் கொஞ்சம் பேசவேண்டும்.

1984 மார்ச் 28 ராத்திரி, மேஃப்ளவர் லாரிகளைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றி, விடிவதற்குள் எங்கள் ஃபுட்பால் அணியான கோல்ட்ஸை இண்டியானாபொலிஸுக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். அணியை அரசே கையகப்படுத்த மேரிலாந்து சட்டமன்றம் சட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம், அதற்குப் பயந்துதான் அந்த ஓட்டம். இதை என் பக்கத்து வீட்டுப் பெரியவர் நேற்று நடந்ததுபோலக் கோபமாகச் சொல்வார். அணி போன பிறகும் அதன் பேண்டு வாத்தியக் குழு கலையவில்லை. ஆட அணியே இல்லாத வருடங்களிலும் சீருடை போட்டுக்கொண்டு ஊர்வலங்களில் வாசித்தார்கள், மைதானத்துக்குப் பணம் கேட்டுச் சட்டமன்ற வாசலில் போய் வாசித்தார்கள். 1996-ல் ரேவன்ஸ் வந்தது. இந்த ஊரும் அப்போது ஆள் குறைந்து, ஆலை மூடிக் கஷ்டப்பட்ட ஊர்தான். அதனால் கஷ்டப்படுகிற ஊருக்கு அணி வராது என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

கணக்குப்பிள்ளை:

செல்வி அம்மா, அந்த பேண்டு குழுவுக்கு நானும் ரசிகன். ஆனால் ரேவன்ஸ் மைதானத்துக்குப் பணம் பால்டிமோர் நகரத்தின் கல்லாவிலிருந்து வரவில்லை. மேரிலாந்து மாநிலம் 1986-லேயே ஒரு மைதான ஆணையம் அமைத்து, லாட்டரி வருமானத்தை ஒதுக்கி வைத்திருந்தது. காசு தயாராக இருந்தது, அணிதான் இல்லை. அப்போதும் 1993-ல் புதிய அணிகள் கொடுத்தபோது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல் ஷார்லட்டுக்கும் ஜாக்சன்வில்லுக்கும் கொடுத்துவிட்டு பால்டிமோருக்குக் கை விரித்தது. கடைசியில் வந்தது எது? கிளீவ்லண்டின் அணி. ஆர்ட் மோடெல் 1995-ல் பிரவுன்ஸை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். பால்டிமோருக்கு 1984-ல் நடந்ததை அப்படியே கிளீவ்லண்டுக்குச் செய்துதான் அணி கிடைத்தது. நாளைக்கு ஓக்லண்டுக்கு ஒன்று வரவேண்டுமென்றாலும் புதிதாக ஓர் அணியை லீக் உருவாக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு ஊர்ப் பையன் அப்பாவிடம் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

சிஎஸ்கேவெறியன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம்ம சென்னை அணி இரண்டு வருடம் ஆடாமல் இருந்துவிட்டு 2018-ல் வந்து கோப்பையும் தூக்கியதே? இங்கே ஏன் அப்படி முடியாது?

பந்துப்பொறுக்கி:

தம்பி, அது தடை. முதலாளியும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. தண்டனை முடிந்தது, வந்தார்கள். இங்கே லீக் என்பது மூடிய கிளப். என்.எஃப்.எல்லில் 32 நாற்காலி, பேஸ்பால் லீக்கான எம்.எல்.பியில் 30. ஐரோப்பியக் கால்பந்து மாதிரி கீழ் லீக்கில் ஜெயித்து மேலே ஏறுவதெல்லாம் கிடையாது. நாற்காலி குறைவாக இருந்தால்தான் ஊர்கள் அடித்துக்கொள்ளும், லீக்குக்கும் அதுதான் வசதி.

ஹேவர்டுவாசி:

அப்படியென்றால் கிளீவ்லண்டுக்கு மட்டும் எப்படிப் பெயரோடும் நிறத்தோடும் திரும்பக் கிடைத்தது? ஏ'ஸ் போகும்போது பச்சையையும் மஞ்சளையும்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டதே.

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. அணி கிளம்புவதற்கு முன்பே கிளீவ்லண்டு வழக்குப் போட்டது. அணிக்கும் மைதானத்துக்குமான லீஸ் இன்னும் முடியவில்லை, அதுதான் அவர்கள் கையில் இருந்த துருப்புச் சீட்டு. சமரசத்தில் மோடெல் ஆட்டக்காரர்களோடு போகலாம், ஆனால் பெயர், நிறம், சாதனைப் பதிவுகள் எல்லாம் இங்கேயே இருக்கும், 1999-ல் லீக் ஓர் அணி தரும் என்று எழுதி வாங்கினார்கள். அதற்காகப் புது மைதானத்தைக் கட்டியது பெரும்பாலும் பொதுப்பணம். வந்த அணி 2017-ல் 16 ஆட்டத்திலும் தோற்றது, அது வேறு விஷயம்! இப்போது அதுவும் புரூக் பார்க் என்ற புறநகருக்குப் போகத் திட்டம் போட்டு, ஓஹாயோ மாநிலத்திடம் 600 மில்லியன் வாங்கியிருக்கிறது.

செயின்ட் லூயிஸ் கதை இன்னும் வேடிக்கை. ராம்ஸ் என்ற ஃபுட்பால் அணியை வரவழைக்க எழுதிய லீஸில் ஒரு ஷரத்து: குறிப்பிட்ட ஆண்டுகளில் அந்த மைதானம் லீக்கிலேயே முதல் கால் பங்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி நீண்டகால லீஸிலிருந்து விலகிக்கொள்ளலாம். புது மைதானங்கள் முளைத்துக்கொண்டே இருக்கிற நாட்டில் அதை எவன் காப்பாற்ற முடியும்? அந்தக் கையெழுத்தைப் போட்டவர் எந்த மனநிலையில் இருந்தார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். 2016-ல் ராம்ஸ் போய்விட்டது. ஆனால் லீக் தன் சொந்த இடமாற்ற விதிகளையே மீறியது என்று செயின்ட் லூயிஸ்காரர்கள் வழக்குப் போட்டு, 2021-ல் 790 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. ஓக்லண்டும் 2018-ல் என்.எஃப்.எல் மேல் வழக்குப் போட்டது. தோற்றது. செயின்ட் லூயிஸ் போனது மாநில நீதிமன்றம், ஓக்லண்டு போனது கூட்டாட்சி நீதிமன்றம். அதிலும் ஆன்டிடிரஸ்ட் சட்டத்தை, அதாவது வியாபாரப் போட்டியை முடக்குவதற்கு எதிரான சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனது. பேஸ்பால் விஷயத்தில் அந்த வாசலே கிடையாது. 1922 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் எம்.எல்.பிக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது.

பால்டிமோர் செல்வி:

கனடாவின் வின்னிபெக்கை விட்டுவிட்டீர்களே. சின்ன ஊர்தானே அது? 1996-ல் ஹாக்கி அணி போய், 2011-ல் திரும்பி வந்ததே.

கணக்குப்பிள்ளை:

வந்தது. அதை வாங்கியவர்களில் ஒருவர் டேவிட் தாம்சன், கனடாவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அரங்கத்தையும் அவர்கள் 2004-லேயே கட்டி, கீழ்மட்ட லீக் அணியை ஆடவைத்து, அட்லாண்டாவின் ஹாக்கி அணி விலைக்கு வருகிறவரை உட்கார்ந்திருந்தார்கள். அரங்கம் மட்டும் போதும் என்று நினைத்தால் கியூபெக் நகரத்தைப் பாருங்கள். 1995-ல் நோர்டிக்ஸ் போனது, 2015-ல் 370 மில்லியன் கனடா டாலர் அரசுப் பணத்தில் பளபளவென்று அரங்கம் திறந்தார்கள். பெரிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்லின் அணி இன்னும் வரவில்லை.

ஓக்லண்டுக்குத் தாம்சன் மாதிரி ஒருவர் கிடைப்பாரா? கொலிசியம் இடத்தையே ஓர் உள்ளூர்க் குழுவுக்கு விற்க 2024-ல் ஒப்பந்தம் போட்டார்கள். நகரத்தின் பாதி 125 மில்லியன், ஏ'ஸின் பாதி 125 மில்லியன். கையெழுத்து முடிந்து பணம் கைமாறாமல் அதுவே இழுத்துக்கொண்டு போனது. எம்.எல்.பி புது அணிகள் கொடுக்கும்போது பேச்சில் அடிபடுவது நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி, போர்ட்லண்டு. விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேஸ்பால் அணியான ஜயன்ட்ஸ் வேறு உட்கார்ந்திருக்கிறார்கள். என் கணிப்பு: பையன் கல்லூரி முடிக்கும்வரை பெரிய லீக் எதுவும் வராது. கேட்டீர்கள் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் ஓக்லண்டு நகராட்சியில் இருந்திருந்தால் ஒரு ரூபாய்கூடப் பெரிய லீக்குக்குப் போட விடமாட்டேன். இங்கே அந்த ஊர் ரசிகர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். ஏ'ஸ் கிளம்பும்போதே ஓக்லண்டு பாலர்ஸ் என்று சுயேச்சையான பயனியர் பேஸ்பால் லீக்கில் ஓர் அணியைத் தொடங்கிவிட்டார்கள். மேற்கு ஓக்லண்டு ரைமண்டி பூங்காவில் ஆட்டம். ரசிகர்களே பங்கு வாங்கியிருக்கிறார்கள். என்.எஃப்.எல்லில் கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும்தான் பொதுமக்கள் கையில் இருக்கிறது, மற்றவர்களுக்கு லீக் அதை அனுமதிப்பதே இல்லை. பாலர்ஸ் இரண்டாவது சீசனிலேயே, 2025-ல், சாம்பியனும் ஆனார்கள். கால்பந்தில் ஓக்லண்டு ரூட்ஸ் 2025-லிருந்து கொலிசியத்திலேயே ஆடுகிறது.

பந்துப்பொறுக்கி:

மைனர் லீக்கெல்லாம் ஓர் ஆட்டமா சார்?

ஹேவர்டுவாசி:

பந்துப்பொறுக்கி, என் மகனிடம் நீங்களே வந்து சொல்லிப் பாருங்கள்! கணக்குப்பிள்ளை சார், செல்வி அக்கா, நன்றி. முழுத் திரியையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். செயின்ட் லூயிஸ் ஷரத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தான், கியூபெக்குக்கு வருத்தப்பட்டான். பாலர்ஸ் ஆட்டத்துக்குப் போகலாமா என்று கேட்கிறான். போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சீசன் எப்போது?

பந்துப்பொறுக்கி:

சரி, போயிருக்கிறேன். சிரிக்காதீர்கள். மே கடைசியில் சீசன் தொடங்கும், செப்டம்பர் வரை போகும். மேற்கு ஓக்லண்டு பார்ட் நிலையத்தில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். சமநிலையில் முடிந்தால் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது. ஹோம் ரன் அடிக்கிற போட்டி வைத்து முடிவு செய்வார்கள். பையனை இடதுபக்க வேலி ஓரமாக உட்காரவையுங்கள், கையுறை மறக்காமல் எடுத்துப் போகட்டும்.