சிங்கப்பூர் சிலோசோ கோட்டை: வயதானவரைக் கூட்டிப் போகலாமா?

வெள்ளவத்தைவாசி:
அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம், சென்டோசாத் தீவுக்கு ஒரு பகல்தான் இருக்கிறது. மகளுக்கு யூனிவர்சல் ஸ்டூடியோஸ், அப்பாவுக்கோ அந்தப் பீரங்கிக் கோட்டை. அவருக்கு 74 வயது, முழங்கால் நோ, எங்கள் பிளாட்ஸ் மாடிப்படியையே நின்று நின்றுதான் ஏறுவார். கோட்டை குன்றின்மேல் என்கிறார்கள், ஏலுமா? காலிமுகத்திடலில் நிற்கிற பழைய பீரங்கிகளை விட அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

கொட்டாஞ்சேனை மருமகன்:
தாராளமாக ஏலும். கீழே லிப்ட் இருக்கிறது, 11 மாடி உயரத்துக்குக் கொண்டுபோய் விடும், அங்கிருந்து 181 மீட்டர் நடைபாலம், மரங்களின் தலைக்கு மேலாலேயே நடந்து கோட்டைக்குள் போய்விடலாம். பாலத்துக்கும் கோட்டைக்கும் டிக்கெட் இல்லை. உள்ளே மேடு பள்ளம் உண்டு, வெயில் ஏறமுதல் போங்கள். நுளம்பு மருந்து பூசிக்கொண்டு போங்கள், நான் பூசாமல் போய் வாங்கிக் கட்டினேன்.

பழைய தபால்காரன்:
காலிமுகத்திடலோடு ஒப்பிடாதீர்கள் தம்பி. இது 1870களில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் காக்கக் கட்டினது. 7 அங்குலப் பீரங்கிக்குக் குண்டை வாய்ப்பக்கமாகத்தான் திணிக்க வேண்டும், குழலுக்குள் சுழல் காடி வெட்டியிருக்கும், குண்டில் உள்ள குமிழ் அதில் பொருந்தி உள்ளே இறங்கும், ஒரு வெடிக்கு எத்தனை பேர் முறிந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பீரங்கியெல்லாம் கடலையே பார்த்தபடி நின்றதால்தான் சிங்கப்பூர் விழுந்தது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் சொன்னார்கள், அது பாதிக் கதை. தரைப்பக்கம் திருப்பியும் சுட்டார்கள். ஆனால் கையிருப்பில் பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கிற குண்டுகள், தரையில் விழுந்தால் மண்ணுக்குள் புதைந்துவிடும், படைக்கு அதனால் பெரிய சேதமில்லை. 1942 பெப்ரவரி 15 ஜப்பான்காரனிடம் சரண். சரியாக ஏழு கிழமையில், ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு போட்டான்.

அப்புறம் சரணடைவு மண்டபத்தைத் தவற விடாதீர்கள், மெழுகுச் சிலைகள். 1942இல் வெள்ளைக்காரத் தளபதி பெர்சிவல் தலை குனிந்ததும் இருக்கிறது, 1945இல் ஜப்பான்காரன் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் படைக்குப் பணிந்ததும் இருக்கிறது. அந்த மவுண்ட்பேட்டன் 1944இல் தலைமையகம் போட்டது நம்முடைய பேராதனைப் பூங்காவில்தான்.

மூதூர் அலை:
பீரங்கிக்காக விமானம் ஏற வேண்டுமா? திருகோணமலையில் ஒஸ்ரன்பேர்க் மேட்டில் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் இருக்கிறதே. கடற்படைத் தளத்துக்குள் என்பதால் முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையோடு போங்கள். மேலே நின்றால் துறைமுகம் முழுக்கத் தெரியும், கரையில் ஏன் பீரங்கி வைத்தார்கள் என்று ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வெள்ளவத்தைவாசி:
எல்லோருக்கும் நன்றி. மகளும் மனைவியும் ஸ்டூடியோஸ், நாங்கள் இருவரும் கோட்டை. பேராதனைக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், முழங்கால் பேச்சே இல்லை, இப்போது தொப்பி தேடுகிறார். திருகோணமலை ஓகஸ்டில்.