ஸ்கிராப் ரேக்கை மாட்டினால் இன்ஜின் நிற்கிறது, அவசர உதவி தேவை

குடமுருட்டிக்கரை:
வணக்கம் நண்பர்களே. என் மாடல் ரயில் லேஅவுட்டில் பழைய இரும்பு ஏற்றிய ரேக்கை, அதாவது வேகன் தொடரை ஓடவிட்டால், திருவாரூர் ஸ்டேஷன் தாண்டி தண்டவாளம் பிரியும் பாயிண்டில் இன்ஜின் விக்கி விக்கி நிற்கிறது. கன்ட்ரோலர் டிரிப் ஆகிறது. காரைக்கால் நிலக்கரி ரேக் அதே பாதையில் அழகாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் பார்க்க வருகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

மாயவரம்_ஜங்ஷன்:
எந்த ஸ்கேல்? சாதா டிசியா, டிஜிட்டல் கன்ட்ரோலான டிசிசியா? எத்தனை வேகன்? என்ன இன்ஜின்? ஒன்றுமே சொல்லவில்லையே சார்.

நாகை_கடலோரம்:
இது உப்புக்காற்று வேலைதான். நம் பக்கத்து ஈரத்தில் தண்டவாளத்தின் மேல் கறுப்பாகப் படலம் கட்டும், கரன்ட் சரியாகப் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சக்கரங்களையும் விடாதீர்கள்.

எடைக்கட்டு:
எடையைப் பார்த்தீர்களா? 87-இல் ஒரு பங்கு அளவான எச்ஓ ஸ்கேல் என்றால் அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்கு இது: வண்டிக்கு 1 அவுன்ஸ், அதன் மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். மேல் திறந்த பாக்ஸ்என் சரக்கு வேகன் அசலில் 10.7 மீட்டர், 87-ஆல் வகுத்தால் 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக லோடோடு சேர்த்து மொத்தம் 100 கிராம் போதும். அசல் இரும்பைக் குவித்தால் அதைத் தாண்டிவிடும், மோட்டார் திணறும்.

குடமுருட்டிக்கரை:
எச்ஓ, டிசிசி. 8 பாக்ஸ்என். இன்ஜின் ஒய்டிஎம்-4. தண்டவாளம் ஏற்கெனவே துடைத்தாயிற்று.

பொன்மலை_ஷெட்:
ஒய்டிஎம்-4 மீட்டர் கேஜ் இன்ஜின். பாக்ஸ்என் பிராட் கேஜ் வேகன். இரண்டையும் ஒன்றாக மாட்டுகிறவருக்கு ஷார்ட் எங்கே என்று நான் எப்படி விளக்குவது? முதலில் எந்தக் காலம், எந்தக் கேஜ் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் தண்டவாளம் போடலாம். இதையெல்லாம் பல முறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கிறவர் இல்லை.

வெண்ணாற்றுப்பாலம்:
கேஜ் கணக்கென்றால் யாருடையதும் சரியில்லை ஐயா. பிராட் கேஜின் 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். நாம் எல்லோரும் ஓட்டுவது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வாங்கிப் போட எத்தனை பேரால் முடியும்? டெல்டாவில் வளர்ந்தவருக்கு ஒய்டிஎம்-4 மேல் பிரியம் இருக்காதா? ஓட்டட்டும்.

பொன்மலை_ஷெட்:
பிரியம் வேறு, சரியாகச் செய்வது வேறு. 1928-இல் பொன்மலை ரயில்வே பணிமனை வந்தது, அதற்கு முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. அந்த வரலாறு தெரிந்தவர் இப்படிக் கலக்க மாட்டார்.

மாயவரம்_ஜங்ஷன்:
அவர் கேட்டது வரலாறு இல்லையே. குப்பை ரயிலா, இரும்பு ரயிலா என்பதே எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. நியூயார்க் குப்பை மூடிய பெட்டிகளில் ரயிலேறி வேறு மாநிலத்துக்குப் போகிறது. அதைச் செய்கிறீர்களா சார்?

பாபநாசம்_லேத்:
கொஞ்சம் பொறுங்கள். அதே பாதையில் நிலக்கரி ரேக் ஓடுகிறது, ஸ்கிராப் ரேக் நிற்கிறது. அப்படியானால் லோடைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஸ்கிராப்பை எதனால் செய்தீர்கள்?

குடமுருட்டிக்கரை:
தெரிந்த பட்டறையில் வாங்கிய லேத் சுருளும் அரத்தூளும். அசல் இரும்பு, துரு நிறம் தானாகவே வந்துவிட்டது. ஒட்டவில்லை, வேகனில் கொட்டியிருக்கிறேன்.

பாபநாசம்_லேத்:
அதுதான் காரணம். எந்த இன்ஜினையும் இப்போது ஓட்டாதீர்கள். பாயிண்டில் வண்டி குலுங்கும்போது தூள் கீழே கொட்டுகிறது. பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும், தவளை எனப்படும் இடத்தில் எதிரெதிர் துருவத் தண்டவாளங்கள் மிக நெருங்கி வருகின்றன, துளி இரும்பு விழுந்தாலே பாலம் போட்டுவிடும். தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் டிசிசி பூஸ்டர் ஷார்ட்டைக் கண்டதும் கரன்டை நிறுத்துகிறது, அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. இதைவிடப் பெரிய கவலை மோட்டார். அதில் நிலைக்காந்தம் இருக்கிறது, கீழே கிடக்கும் தூளை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும்.

காயலான் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் கிடைக்கும். அதை பாலிதீன் பையில் சுற்றி, தண்டவாளத்தை ஒட்டி நிதானமாக நகர்த்துங்கள். பையை உரித்தால் தூள் அதோடு வந்துவிடும். இன்ஜினைத் தனியாக எடுத்து, மூடியைக் கழற்றிக் கியரையும் மோட்டாரையும் சுத்தம் செய்யுங்கள்.

லோடை மாற்றுங்கள். கசக்கிய அலுமினியத் தாள், பிளாஸ்டிக் கிட்டில் மிஞ்சும் சட்டத் துண்டுகள், அட்டையில் வெட்டிய தகடுகள். தெர்மாகோல் துண்டின் மேல் ஒட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஊற்றி உறைய விடுங்கள். எடை வேண்டுமென்றால் அதை வேகனின் தரையில் ஒட்டுங்கள், மேலே ஏற்றினால் வளைவில் சாயும். நிறத்தில்தான் அழகு இருக்கிறது: பழைய தகட்டுக்கு ஆரஞ்சுத் துரு, பிரேக் கட்டைக்குக் கருஞ்சிவப்பு, கட்டரால் அறுத்த விளிம்புக்கு நீலக்கறுப்பு. ஒரே பிரௌனை அடித்துவிட்டால் செம்மண் ஏற்றியது போலத் தெரியும்.

நாகை_கடலோரம்:
சரி, ஆனாலும் உப்புக்காற்றை மறக்க வேண்டாம். அந்தத் தூள் துருப்பிடித்தால் இன்னும் மோசம்.

எடைக்கட்டு:
எடையைத் தரையில் ஒட்டச் சொன்னது மிகச் சரி.

குடமுருட்டிக்கரை:
காந்தத்தில் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ரேக் இல்லாமல் இன்ஜின் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

பாபநாசம்_லேத்:
மகிழ்ச்சி சார். மோட்டாரைத் திறந்து பார்த்தீர்களா? ஓடும்போது உறுமல் கேட்கிறதா?

மாயவரம்_ஜங்ஷன்:
ஞாயிறு எப்படிப் போனது என்றும் எழுதுங்கள்.