தாழியைக் கழுவி வைத்திருந்தார்கள்

மாநிலத் தொல்லியல் துறையில் இருபது வருடத்துக்கு மேல் தென்மாவட்டங்களில் வேலை பார்த்தேன். இதே வேலையிலோ இதற்குப் பக்கத்திலோ இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணிப் பக்கம் ஒரு ஊர். ஒருநாள் மத்தியானம் அந்த ஊர் விஏஓ போன் செய்தார். வாழைத் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது பானை பானையாக வருகிறதாம். "வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். போய்ச் சேர மறுநாள் காலை பத்து மணி ஆகிவிட்டது. தோட்டக்காரர் அறுபது வயது அண்ணாச்சி. வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க சார், ஒண்ணுகூடத் தொலையாம எடுத்து வச்சிருக்கோம்" என்று திண்ணைக்குக் கூட்டிப்போனார்.

திண்ணையில் வரிசையாகப் பதினோரு பானைகள். கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள், மூடிகள், பானையை உட்கார வைக்கும் பிரிமனை ஒன்று. எல்லாம் பளபளவென்று இருந்தன. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அவர் மனைவி ராத்திரி வெகுநேரம் தேய்த்திருக்கிறார். பெரிய தாழியை, அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பானையை, அலசிக் கவிழ்த்தே வைத்திருந்தார்கள். "ஆபீசர் வாராரு, அழுக்கோடயா குடுக்கிறதுன்னு கழுவிட்டேன் சார்" என்றார் அந்த அம்மா.

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்படுவேன் என்று இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? விற்கவில்லை, ஒளிக்கவில்லை, உடைத்துப் போடவில்லை. புதையல் சட்டம் 1878-ஆம் வருடத்தது. மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் பெயர்கூடத் தெரியாமல் அதை ஒழுங்காகச் செய்த குடும்பம் இது.

அப்புறம் மெதுவாகச் சொன்னேன். "அண்ணாச்சி, பானை எனக்கு ரெண்டாவதுதான். பானைக்குள்ள இருந்த மண்ணு எங்க?" அவருக்குப் புரியவில்லை. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியைச் சோதித்துத்தான் அது கி.மு. 1155 என்று தெரிந்தது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் ஈமக்குழிக்குள் ஒரு ஜாடி நிறைய நெல் இருந்தது, அதை வைத்துத்தான் கி.மு. 490 என்று கணக்கு கிடைத்தது. அந்த நெல்லை யாராவது அழுக்கு என்று கொட்டியிருந்தால் இரண்டு இடங்களின் காலமும் நமக்குக் கிடைத்திருக்காது. இதை அவரிடம் சொன்னபோது அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மண்ணை வரப்போரம் கொட்டியிருந்தார்கள். சல்லடை வரவழைத்து இரண்டு நாள் சலித்தோம். கொஞ்சம் இரும்புத் துண்டு, எலும்புத் துணுக்கு, வேறொன்றும் இல்லை. பெரிய உதவி செய்தது அந்த அம்மாவின் ஞாபகம்தான். "சின்னக் கிண்ணம் பெரிய பானைக்குள்ள தெக்குப் பக்கமா கவுந்து கிடந்துச்சு. இந்த மூடி அதுக்கு மேல." அண்ணாச்சி ஆழம் சொன்னது தன் உடம்பை வைத்து: முதல் தாழியின் வாய் அவர் இடுப்பு அளவில், இரண்டாவது தோள் அளவில். அவரை நிற்க வைத்து டேப் பிடித்து அளந்து நோட்டில் வரைந்தேன். முறையான அகழாய்வுக் குழியில் மண் அடுக்கை நூல் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அளந்து எழுதுவோம். இங்கே ஒரு மனிதரின் இடுப்பும் தோளும்தான் எனக்குக் கிடைத்த பதிவு. இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

தவறு என்னுடையது. போனிலேயே "யாரும் தொட வேண்டாம், வெயில் படாமல் மூடி வையுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

* * *

நான் கல்வெட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் திண்ணையைப் படித்ததும் எனக்கு ஒரு ஊருணிதான் ஞாபகம் வந்தது.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிவன் கோயில். திருப்பணியின்போது கற்களை இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். பட்டிகையில், அதாவது கோயில் அடித்தளக் கல்வரிசையில், ஓடிவரும் நிலக்கொடைக் கல்வெட்டு பாதியில் அறுந்துவிட்டது. யார் கொடுத்தது என்று இருக்கிறது, எவ்வளவு நிலம், எல்லை எது என்ற பகுதி இல்லை. மூன்று நாள் மைப்படி எடுத்தேன். தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுக்கும்போது வரும் நிம்மதி வேறு எந்த வேலையிலும் எனக்கு வந்ததில்லை. ஆனால் மீதிக் கல் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கைகழுவ ஊருணிக்குப் போனேன். நாலைந்து பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லின் பக்கவாட்டில் சோப்பு நுரை வழிந்த இடத்தில் எழுத்து தெரிந்தது. "கீழ்பாற்கெல்லை." கிழக்கு எல்லை என்று அர்த்தம். என் கை நடுங்கிவிட்டது. அந்தக் கல்தான்.

எடுத்துப்போக வேண்டும் என்றேன். ஒரு பெரியவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்க மாமியாரு காலத்துல இருந்து இதுலதான் துவைக்கிறோம். நீ எடுத்துக்கிட்டுப் போனா நாங்க எதுல தாயி துவைக்கிறது?" நியாயமான கேள்வி. தாசில்தார் கடிதம், காவல்துறை என்று போயிருக்கலாம். போகவில்லை. மறுவாரம் கல் உடைக்கும் இடத்தில் நல்ல பலகைக் கல்லாக ஒன்று என் காசில் வாங்கி டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினேன். அவளே உட்கார்ந்து ஒரு சேலையைத் துவைத்துப் பார்த்தாள். "சரி, எடுத்துக்க" என்றாள். அதோடு விடவில்லை. பழைய கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னாள். கிழக்கு எல்லை ஒரு குளம், தெற்கு எல்லை ஒரு வாய்க்கால் என்று படித்தேன். "அந்த வாய்க்கால்தானே நம்ம பள்ளத்து வாய்க்கால்" என்றாள். அவள் சொன்னது சரி. நிலப்படத்தில் பார்த்து உறுதி செய்தோம். எல்லை அதே இடத்தில்தான் இருக்கிறது.

* * *

நான் அரசு ஊழியர் இல்லை, ஜேசிபி ஓட்டுகிறேன். சொல்லலாமா என்று யோசித்தேன்.

கண்மாயில் வண்டல் அள்ளும்போது பக்கெட் பல்லில் வட்டமாகச் செவப்பு விளிம்பு மாட்டியது. தாழி வாய். எங்கள் ஊரில் மதமதக்கத்தாழி என்போம், சின்ன வயதில் பாட்டி சொல்லியிருக்கிறாள். வண்டியை நிறுத்திவிட்டேன். மணிக்கணக்கு வாடகை ஓடுகிறது என்று காண்ட்ராக்டர் சத்தம் போட்டார். பக்கத்து நிலத்துக்காரர், "சொல்லாதப்பா, கவர்ன்மெண்ட் வந்தா என் நிலம் போயிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பயம்தான் எல்லா ஊரிலும். நான் பயந்துகொண்டே தாலுகா ஆபீசுக்குச் சொன்னேன். துறையில் இருந்து வந்தவர் நிலத்துக்காரரிடம் கீழடியைச் சொன்னார். அங்கே தனியார் தென்னந்தோப்புகளில் சம்மதம் கேட்டுத்தான் குழி போட்டார்களாம், வேலை முடிந்த குழிகளைத் திரும்ப மூடியும் கொடுத்தார்களாம். அவர் ஒரு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்து பேசினார். அந்த ஒரு மணி நேரம்தான் வேலை செய்தது.

எனக்கு அன்றைக்குச் சம்பளம் போனது. திரும்பவும் பார்த்தால் திரும்பவும் நிறுத்துவேன்.

* * *

மதுரைப் பக்கம் ஒரு சமணர் குன்றில் காவல் வேலை. ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். தமிழி எழுத்து (தமிழ் பிராமி என்பார்களே, அந்தப் பழைய எழுத்து) மேல் பெயிண்டால் பேர் எழுதுகிறவர்களோடுதான் என் பொழுது போகிறது. மத்திய அரசு பாதுகாக்கும் இடத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று பலகை இருக்கிறது. பலகையை யாரும் படிப்பதில்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். பையன்கள் வந்தால் மாங்குளம் கல்வெட்டின் படத்தைப் போனில் காட்டுவேன். முதல் எழுத்து கூட்டல் குறி மாதிரி இருக்கும். "இது என்னன்னு சொல்லு தம்பி." யாருக்கும் தெரியாது. அதுதான் க. கணி நந்தன் என்ற துறவியின் பேர் அங்கே தொடங்குகிறது, பாண்டியன் நெடுஞ்செழியன் பேரும் அந்த மலையில் இருக்கிறது. அப்புறம் அவன் பேரைத் தமிழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அதைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு இறங்குகிறான். பாறையில் எழுதிய பையன்களில் ஒருவன் தின்னர் வாங்கிவந்து, "நானே அழிச்சிடுறேன் அண்ணே" என்றான். வேண்டாம், பாறைக்கு அது இன்னும் கெடுதல், இதற்கென்று தெரிந்த ஆட்கள் வருவார்கள் என்று நிறுத்தினேன். அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துணையாக மேலே நிற்கிறான்.

* * *

முதலில் எழுதியவன்தான். அந்த அண்ணாச்சி என்ன ஆனார் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி ஒன்பதரைக்கு அவரே போன் செய்தார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். இரண்டு தாழிகளின் வாய் தெரிகிறது. "சார், கழுவல. தொடல. உள்ள இருக்க மண்ணு அப்படியே இருக்கு. ஓலை போட்டு மூடி, மேல தார்ப்பாய் கட்டிட்டேன்" என்றார். பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "நாய் பிராண்டிராம கட்டிலப் போட்டுக் காவலுக்குப் படுத்துக்கிடுவாருன்னு சொல்லுங்க."

விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் போனபோது அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயை அவிழ்க்கக்கூட அவர் விடவில்லை. "மொதல்ல கையுறையப் போடுங்க சார்" என்றார்.