ஈசிசி 6.0-இலிருந்து எஸ்/4 ஹானாவுக்கு மாற்றம்: முன்சரிபார்ப்பு வெண்டர் பிழைகளில் நிற்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கொங்கு கணினியாளர்:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப்செட்டும் மோட்டாரும் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். 2011 முதல் எங்களிடம் எஸ்ஏபியின் நிறுவன மேலாண்மை மென்பொருளான ஈசிசி 6.0 ஓடுகிறது, இடையில் ஒருமுறை அதன் மேம்பாட்டுத் தொகுப்பான என்ஹான்ஸ்மென்ட் பேக்கேஜ் 7-க்கு ஏற்றினோம். தரவுத்தளம் ஆரக்கிள், அளவு ஏறக்குறைய 1.2 டெராபைட். நிதி, செலவுக் கணக்கு, கொள்முதல், விற்பனை, உற்பத்தி, தரக்கட்டுப்பாடு ஆகிய மாட்யூல்களில் 140 பேர் வேலை செய்கிறார்கள். பிரிவில் இருப்பது நானும் இன்னொருவரும் மட்டுமே.

அதற்கு அடுத்த தலைமுறை மென்பொருளான எஸ்/4 ஹானாவுக்குப் போவதென்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. "வெர்ஷன் மாற்றம்தானே, ஆறு மாதம் போதாதா?" என்று எங்கள் பொது மேலாளர் கேட்கிறார். அன்றாட வேலை நடக்கும் உற்பத்திச் சர்வரின் (புரொடக்ஷன்) நகலைச் சாண்ட்பாக்ஸ் என்னும் சோதனைச் சர்வரில் ஏற்றி, மாற்றத்துக்கான முன்சரிபார்ப்பை ஓட்டிப் பார்த்தோம். வெண்டர்களுக்கும் கஸ்டமர்களுக்கும், எஸ்/4-இல் இருவருக்கும் பொதுவான பிசினஸ் பார்ட்னர் பதிவு இல்லையென்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் வந்தன, சரிபார்ப்பு அதற்குமேல் நகரவில்லை. போதாக்குறைக்கு, எங்களிடம் கஸ்டமர் எண்களும் வெண்டர் எண்களும் ஒரே 100000 வரிசையில் தொடங்குகின்றன. 100245 என்பது சேலத்து டீலர் ஒருவரின் எண், அதே 100245 வார்ப்படம் தரும் ஃபவுண்டரி ஒன்றின் எண்ணும்கூட. பிசினஸ் பார்ட்னருக்கு ஒரே எண் வரிசைதான் என்றால், வெண்டர் எண்களையெல்லாம் மாற்ற வேண்டி வருமா? பதினைந்து ஆண்டுப் பர்ச்சேஸ் ஆர்டர்கள் அந்த எண்களில்தான் நிற்கின்றன.

இருப்பதை அப்படியே மாற்றுவதா, புதிதாக நிறுவித் தொடங்குவதா என்பதிலும் தெளிவில்லை. இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பேசிஸ் பழையவர்:

வணக்கம் நண்பரே. முதலில் உங்கள் பொது மேலாளருக்கு ஒன்றை விளக்குங்கள்: இது பேக்கேஜ் 7-க்கு ஏற்றியது போன்ற அப்கிரேடு அன்று. தரவுத்தளம் ஆரக்கிளிலிருந்து ஹானாவுக்கு மாறுகிறது, நிதிக் கணக்கின் அட்டவணைகள் ஆக்டோகா என்னும் ஒற்றைப் பேரேட்டுக்குள் போகின்றன, சரக்கு அசைவுகள் மேட்டாக் என்னும் ஒரே அட்டவணையில் சேர்கின்றன. மென்பொருளின் பெயர் மட்டும் மாறுவதாக நினைத்துக் காலம் குறித்தவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை காலம் குறித்திருக்கிறார்கள்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, பேக்கேஜ் 6 முதல் 8 வரை உள்ளவற்றுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 இறுதி வரை நீட்டித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டணத்தை ஒரு காப்பீட்டுச் சந்தா போல வைத்துக்கொள்ளுங்கள், திட்டத்தின் தேதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இலக்குப் பதிப்பாக 2023 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். 2023-இலிருந்து இரண்டாண்டுக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏழாண்டுப் பராமரிப்பு என்று முறை மாறியிருக்கிறது. 2022-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஐந்தாண்டுதான்.

மாற்றுவதா புதிதாக நிறுவுவதா என்ற கேள்விக்கு என் கருத்து, உங்கள் அளவுக்கு மாற்றுவதே சரி என்பதுதான். தொழிற்சாலை நடைமுறை அடியோடு மாறப்போகிறது, அல்லது பழைய அமைப்பு யாருக்கும் புரியாத நிலைக்குச் சிக்கிவிட்டது என்றால் மட்டுமே புதிதாக நிறுவுவதில் பொருள் உண்டு. தொழில்நுட்ப வகையில் எஸ்யூஎம் கருவியின் டிஎம்ஓ வசதி, ஆரக்கிளிலிருந்து ஹானாவுக்கு நகர்த்துவதையும் எஸ்/4-ஆக மாற்றுவதையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும்.

சர்வர் வாங்குவதற்கு முன் ஹானா அளவீட்டு ரிப்போர்ட்டை உற்பத்திச் சர்வரிலேயே ஓட்டுங்கள். ஹானாவில் தரவு நினைவகத்தில் இருக்க வேண்டும், நினைவகத்துக்குத்தான் காசு. 1.2 டெராபைட்டில் பிற அமைப்புகளோடு தரவு பரிமாறிய பழைய ஐடாக் பதிவுகள், பயன்பாட்டு லாக், டேபிள் மாற்ற லாக் ஆகியவை எவ்வளவு என்று பாருங்கள். நான் பார்த்த இடங்களிலெல்லாம் யாரும் திறந்தே பார்க்காத இவை பெரிய பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. இவற்றில் தணிக்கைக்காக வைத்திருக்க வேண்டியவை போக மீதியை இப்போதே ஈசிசியில் துடைத்துவிடலாம்.

மூலத்தரவு மலர்:

எண் வரிசைக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் ஐயா, அச்சப்பட ஒன்றுமில்லை. பிசினஸ் பார்ட்னர் எண் வேறு, வெண்டர் எண் வேறு. கஸ்டமர்களுக்கு இப்போதுள்ள எண்ணையே பார்ட்னர் எண்ணாகவும் கொடுத்துவிடுங்கள். வெண்டர்களுக்கு, மோதாத வேறொரு வரிசையிலிருந்து பார்ட்னர் எண் வழங்குங்கள். இரண்டையும் பிணைக்க ஓர் இணைப்பு அட்டவணை இருக்கிறது. ஃபவுண்டரியின் வெண்டர் எண் 100245-ஆகவே நிற்கும், பழைய பர்ச்சேஸ் ஆர்டர்கள் எதையும் தொட வேண்டியதில்லை. மாற்றம் முடிந்தபின் புதிதாகச் சேரும் வெண்டர்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வரும்படி வரிசையை அமைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மூவாயிரம் பிழைகளில் உண்மையான வேலை வேறிடத்தில் இருக்கிறது. கஸ்டமர், வெண்டர் பதிவுகளைப் பார்ட்னராக்கும் சிவிஐ என்னும் ஒத்திசைவு, பழைய கஸ்டமர், வெண்டர் திரைகளைவிடக் கண்டிப்பானது. ஆறு இலக்கமில்லாத பின்கோடு, மின்னஞ்சல் கட்டத்தில் தொலைபேசி எண், ஜிஎஸ்டி எண்ணில் ஓரெழுத்துக் குறைவு என்று பழைய திரை கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் இது நிறுத்தி வைக்கும். ஆகவே பிழைப் பட்டியலை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் அதற்குரிய துறையிடம் கொடுங்கள். முகவரியைக் கொள்முதல் பிரிவு திருத்தட்டும், வரி எண்ணைக் கணக்குப் பிரிவு திருத்தட்டும். நீங்கள் இருவரும் உட்கார்ந்து திருத்தினால் முடியாது.

இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உள்ள பத்து எழுத்துகள் அவருடைய பான் எண். அந்தப் பத்தை மட்டும் எக்ஸெலில் பிரித்தெடுத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே ஃபவுண்டரி மூன்று வெண்டராக இருப்பது அப்போது தெரியும். வார்ப்படம் தருபவரே உங்களிடம் லேத் சுருளை ஸ்கிராப்பாக வாங்கிக்கொண்டும் போவார். அவர் வெண்டராகவும் கஸ்டமராகவும் இருப்பார். அத்தகையவர்களை ஒரே பார்ட்னராக்கி இரண்டு பாத்திரங்களையும் கொடுப்பதா, தனித்தனியே விடுவதா என்பதை முதல் ஒத்திசைவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பின்னர் பிரிப்பதும் சேர்ப்பதும் பெரும்பாடு.

இது அத்தனையும் பழைய ஈசிசியிலேயே, திட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை.

கொங்கு கணினியாளர்:

மிக்க நன்றி அம்மா. பான் எண் வழியில் இன்று காலையே பார்த்தேன், ஒரே ஜாப் ஒர்க் யூனிட் ஐந்து பெயர்களில் இருக்கிறது. ஒன்றில் "அன்ட்", இன்னொன்றில் "அண்ட் கோ", மூன்றாவதில் உரிமையாளரின் பெயர் மட்டும். அடுத்த கவலை, எங்களுக்கென்றே எழுதிச் சேர்த்த இசட் புரோகிராம்கள். கணக்கெடுத்தால் 1,800 பொருள்கள் வருகின்றன. எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை.

இசட் நிரலர்:

1,800-இல் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. எஸ்சிமான் திரையில், எந்த நிரல் ஓடுகிறது என்று குறித்துவைக்கும் பயன்பாட்டுப் பதிவை உற்பத்திச் சர்வரில் இன்றே திறந்துவிடுங்கள். குறைந்தது மார்ச் ஆண்டு முடிவு ஒன்று அதற்குள் அடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் ரிப்போர்ட்டைச் செத்ததென்று எடுத்தெறிந்துவிட்டு ஏப்ரலில் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். மீதியை, நிரல்களில் குறை தேடும் ஏடிசி சோதனையில் எஸ்/4 தயார்நிலை வரையறையோடு ஓட்டுங்கள். உங்கள் ஈசிசி, நெட்வீவர் என்னும் அடித்தள மென்பொருளின் 7.40 பதிப்பில் இருப்பதால் அதிலேயே ஓடாது, 7.52 அல்லது அதற்கு மேற்பட்ட தனிச் சர்வர் ஒன்றை நிறுவி, அங்கிருந்து ஈசிசியைத் தொலைவழியாகச் சோதிக்க வேண்டும்.

ஏடிசி ஆயிரக்கணக்கில் குறை காட்டும், அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவை பொருள் எண் 18 இலக்கத்திலிருந்து 40-ஆக நீண்டதைப் பற்றிய எச்சரிக்கைகளாக இருக்கும். பிழைச்செய்தியே தராமல் தவறான விடை தரும் இடங்களைத்தான் தேட வேண்டும். இரண்டைச் சொல்கிறேன்.

விற்பனை விலைக் கூறுகள் பழைய கான்வ் அட்டவணையிலிருந்து வேறோர் அட்டவணைக்கு மாறிவிட்டன. டீலர் கமிஷன் ரிப்போர்ட் ஒன்று கான்வை நேரடியாகப் படித்தால், அது அழகாக ஓடி முடிந்து எல்லா டீலருக்கும் பூஜ்யம் என்று அச்சிடும். ஆர்டர் நிலையைச் சொல்லும் விபியுகே, விபியுபி அட்டவணைகளின் கதையும் அதுவே.

இரண்டாவது, வரிசைமுறை. வரிசைப்படுத்தச் சொல்லாமல் தரவை எடுத்தால்கூட ஆரக்கிள் பெரும்பாலும் சாவி வரிசையிலேயே கொடுத்துவந்தது. நிரலர்களும் அதை நம்பி எழுதிவிட்டார்கள். ஹானா அப்படி எந்த வரிசையையும் காப்பதில்லை. நான் பார்த்த ஒரு நிரலில், கடைசிக் கொள்முதல் விலையை எடுக்க "ஒரே ஒரு வரி கொடு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆரக்கிளில் எப்போதும் புதிய விலை வந்தது. ஹானாவில் செப்புக் கம்பிக்கு மூன்றாண்டுக்கு முந்தைய விலை வந்து, மோட்டாரின் அடக்கவிலை குறைந்து காட்டியது. கண்டுபிடித்தது நாங்கள் அல்லர். பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு எங்கே செம்பு கிடைக்குது, எனக்கும் சொல்லுங்க" என்று கேட்டார். ஆகவே சோதனையில் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் ஒரே தேதிக்கு எடுத்து எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்காதீர்கள்.

பற்றுவரவு:

கணக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எஸ்/4-இல் புதிய சொத்துக் கணக்கியல் கட்டாயம், சரக்கு மதிப்பைக் குறிக்கும் மெட்டீரியல் லெட்ஜரும் கட்டாயம். முந்தைய நிதியாண்டின் சொத்துக் கணக்கு முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும், தேய்மானமும் பதிந்து முடிந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு கம்பெனி கோடில் 2014-ஆம் ஆண்டு இன்னும் திறந்தே கிடப்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். கடன் வரம்புக் கட்டுப்பாடும் பழைய திரையில் இராது. புதிய கடன் மேலாண்மைக்கு மாற்றி, டீலர் வரம்புகளை நகர்த்த வேண்டும்.

மாற்ற நாளைப் பற்றி: பலர் மார்ச் 31 என்று அடம்பிடிப்பார்கள், அது தேவையற்றது. ஆண்டிறுதி வேலையும் மாற்ற வேலையும் ஒரே பத்துப் பேர் தலையில் விழும். பொங்கல் விடுமுறையைப் பாருங்கள். தொழிற்சாலை எப்படியும் சில நாள் மூடியிருக்கும். மாதத்தின் 7-ஆம் தேதி டிடிஎஸ் செலுத்தலும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1-உம் முடிந்திருக்கும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி-க்குச் சில நாள் மீதமிருக்கும். செப்டம்பருக்குள் வரித் தணிக்கையும் ஓய்ந்துவிடுவதால் முந்தைய ஆண்டை மூடுவதற்குச் சாக்கு இராது.

பேசிஸ் பழையவர்:

பொங்கலுக்கு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. அதற்கு முன் முழு ஒத்திகை இரண்டு, உற்பத்திச் சர்வரின் புதிய நகலில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எஸ்யூஎம் எத்தனை மணி, நிதித் தரவு மாற்றம் எத்தனை மணி, கணக்குப் பிரிவு சரிபார்த்துக் கையெழுத்திட எத்தனை மணி என்று மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறப்பார்கள், அதுவே நீளமாக இருக்கும். எந்த மணிக்குள் முடியாவிட்டால் பழைய சர்வருக்குத் திரும்புவது என்பதையும் முன்பே எழுத்தில் வையுங்கள். புதிய அமைப்பில் முதல் இன்வாய்ஸ் போட்டு லாரி கிளம்பிவிட்டால் திரும்பும் வழி அடைந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் பட்டது. உற்பத்தி நகலைச் சாண்ட்பாக்ஸில் எழுப்பியவுடன், நகலோடு வந்த பின்னணி ஜாப்களும் எழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று மின்-இன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பும் ஜாப். இணைப்பு முகவரியும் உற்பத்தியுடையதே. சோதனைக்காகப் போட்ட இன்வாய்ஸ்களுக்கு உண்மையான ஐஆர்என், அதாவது அந்தத் தளம் தரும் பதிவெண், வந்துவிட்டது. ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், நல்ல வேளையாக மறுநாள் காலை கவனித்தோம். அதன் பிறகும் தலைவலி தீரவில்லை. ரத்தான இன்வாய்ஸ் எண்ணை அதே ஆண்டில் தளம் மறுபடி ஏற்காது. உற்பத்திச் சர்வர் அதே எண்களுக்கு வந்து சேர்ந்தபோது ஒவ்வொன்றும் நின்றது. நகலை எழுப்புவதற்கு முன் வலைத்தொடர்பைத் துண்டியுங்கள், பின்பு பிடிசிடிஆர்என்எஸ்1 நிரலை ஓட்டி ஜாப்களை நிறுத்துங்கள், பிற அமைப்புகளை அழைக்கும் ஆர்எஃப்சி முகவரிகளை மாற்றுங்கள், அதன்பிறகே தொடர்பைக் கொடுங்கள்.

கொங்கு கணினியாளர்:

நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் சாண்ட்பாக்ஸுக்கு ஓடினேன். எங்கள் நகலிலும் மின்-இன்வாய்ஸ் ஜாப் "ரிலீஸ்டு" நிலையிலேயே இருந்தது. ஃபயர்வால் தடுத்ததால்தான் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

நிர்வாகத்திடம் பேசி, ஆறு மாதத் திட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம். சர்வரும் ஆலோசகரும் இல்லாமல் ஈசிசியிலேயே முடிக்கும் வேலை முதல் பகுதி: பிசினஸ் பார்ட்னர், லாக் துடைப்பு, இசட் பயன்பாட்டுப் பதிவு, திறந்து கிடக்கும் பழைய ஆண்டுகள். இதற்கு மட்டும் எட்டு மாதம் கேட்டிருக்கிறேன். பொது மேலாளர் முகம் சுளித்தாலும் கையெழுத்திட்டார். பின்கோடும் வரி எண்ணும் திருத்தியபின் பிழைகள் 900-க்குக் கீழே வந்துள்ளன.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீக்கக் குறி இட்ட பழைய வெண்டர்கள் 400 பேர் இன்னும் பிழைப் பட்டியலில் வருகிறார்கள். இவர்களையும் பார்ட்னராக்க வேண்டுமா?

மூலத்தரவு மலர்:

நீக்கக் குறி என்பது குறி மட்டுமே ஐயா, பதிவு அட்டவணையில் அப்படியே இருக்கிறது. நிலுவையும் பழைய ஆவணத் தொடர்பும் இல்லாதவர்களை முறைப்படி ஆர்க்கைவ் செய்து வெளியேற்றுங்கள். தொடர்புள்ளவர்களை ஆர்க்கைவ் செய்ய விடாது. அவர்களுடைய முகவரியைக் குறைந்த அளவுக்குத் திருத்திப் பார்ட்னராக்கிவிட்டு, அங்கே தடைக் குறி இடுங்கள். முதலில் ஒரு நூறு பேரைச் சாண்ட்பாக்ஸில் ஆர்க்கைவ் சோதனை ஓட்டத்தில் விட்டு, எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று எழுதுங்கள், பிறகு மேற்கொண்டு பார்க்கலாம்.