தேயிலை தெரியாத இடமா பாருங்க அக்கா

ஹட்டன் பக்கம் மணப்பெண் அலங்காரம் என் தொழில். கொழும்பிலிருந்து வரும் பெண்களுக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில்தான் பிரீ-ஷூட், அதாவது கல்யாணத்துக்கு முன் எடுக்கிற படம், வேண்டும். சிலர் கொழுந்துக் கூடைகூடக் கேட்பார்கள். தோட்டத்தில் பிறந்து, படித்து, இப்போது டவுனில் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள் நேர்மாறு.

"தேயிலை தெரியாத இடமா பாருங்க அக்கா. அம்மா கொழுந்து எடுக்கிற மலையிலயா நான் கவுன் போட்டு நிக்கிறது?" என்றாள் ஒருத்தி.

சரி என்று நுவரெலியா போனோம். கிரெகரி வாவி, விக்டோரியா பூங்கா, செங்கல் தபாலகம். வழியில் தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளேயர் அருவி. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் வந்தபிறகு, அங்கே தண்ணீர் திறந்துவிடுகிற நேரம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அருவிக்கே டைம்டேபிள்!

அவள் கழுத்தில் கிடந்தது என் வாடகை நகை, கல் வைத்த கவரிங் செட். கொண்டை ஊசி எடுக்கச் சொல்லி அவள் நீட்டிய கைப்பையில் முதலில் அகப்பட்டது நாலாக மடித்த அடகுத் துண்டு. சொந்தச் சங்கிலியும் வளையலும் அங்கே. ஹோல் அட்வான்ஸ், அல்பம், ட்ரோன் எல்லாம் அந்தக் காசுதான். தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டம்பரில். ஆனாலும் படத்தைப் பார்த்த அம்மா, "சினிமாக்காரி மாதிரி இருக்கா" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

கொட்டகலையிலிருந்து ஒரு குடும்பஸ்தன்:

கல்யாணத்தை எளிமையாக முடித்தோம் என்று பெருமைப்பட்டேன். கடன் அப்புறம்தான் வந்தது. புது வீட்டுக்குப் பூச்சு வேலை முடியும் முன்பே பென்ட்ரி கபர்ட், அதாவது சமையலறை அலமாரி, வந்து இறங்கியது, தவணைக்கு. கல்யாணத்துக்கு வந்த கப் செட் இப்போது அதற்குள் பத்திரம். ரொட்டி சுடுவது மட்டும் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே, விறகு அடுப்பில். பென்ட்ரியில் எண்ணெய் தெறித்துவிடுமாம்!

*

தவணை எப்போது முடியும் அண்ணே?

*

அதை ஏன் கேட்கிறீர்கள், தங்கச்சி. வீட்டில் இப்போது சோபா பேச்சு ஓடுகிறது. படம் என் போனுக்கும் வந்திருக்கிறது. எல் வடிவம், சாம்பல் கலர். நல்லாத்தான் இருக்கு.